தெய்வானைக்காகக் கழற்றிய வில்பட்டைகள்

1

என் பெண்டாட்டி தெய்வானையும் மகள் வசந்தாவும் ஊருக்கு விமானம் ஏறிப் பதினொரு நாள் ஆகிறது. நாளையோடு தெய்வானை இந்தச் சிங்கப்பூருக்கு வந்து பத்து வருஷம் நிறைகிறது. அந்த நாளை ஒற்றை ஆளாக, நானே வடித்துக் குழைந்துபோன சோற்றை வைத்துக்கொண்டு கழிக்கப்போகிறேன் என்று யார் கண்டது?

காலையில் ஐந்தரைக்கு எழுந்து, பபலோ ரோட்டு மாடி அறையைப் பூட்டி, தேக்கா சந்தை ஓரத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறேன். ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையின் லாரிகளைக் கவனித்துக்கொள்வது என் வேலை. நேற்றுவரை சேறும் சதுப்புமாகக் கிடந்த இடம் அது. இன்றைக்குப் புகைபோக்கிகளை எண்ணி முடியாது. சாயங்காலம் திரும்பி மாடிப்படி ஏறும்போதே, "தெய்வான, தண்ணி கொண்டா" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. சொன்ன பிறகு நானே போய்ச் சொம்பை எடுத்துக்கொள்கிறேன்.

பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான், எப்போது வருகிறார்கள் என்று. மூன்று மாசம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அந்த மூன்று மாசத்தை அவள் சொல்லவில்லை. குடிநுழைவு அலுவலகத்தில் நானாக எழுதியது.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது புரியாது. ஒரே குழம்பைச் சாப்பிடுகிற எங்கள் மூன்று பேருக்கும் மூன்று விதக் காகிதம். நான் மனுப்போட்டுக் குடிமகன் ஆனவன். வசந்தா இங்கேயே பிறந்தவள். தெய்வானை இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்காரி. போனால் திரும்பி வர அவளுக்கு ஒரு பெர்மிட் வேண்டும். படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்கு ஏது அதெல்லாம்? எனக்கு என் அப்பா பெயரையும், அவளுக்கு அவள் அப்பா பெயரையும், வசந்தாவுக்கு என் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த சீனப் பையன் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, நீங்கள் மூன்று பேரும் ஒரே குடும்பம்தானா என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்குச் சிரித்துவிட்டேன். அடுத்ததற்குச் சிரிக்க முடியவில்லை. திரும்பும் தேதி என்கிற கட்டத்தைத் தெய்வானை காலியாக விட்டிருந்தாள். அவன் படிவத்தைத் திருப்பித் தள்ளினான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் பேனாவை வாங்கி மூன்று மாசம் என்று போட்டேன். வெளியே வந்ததும், "நீங்க எழுதிட்டீங்க. நான் சொல்லலை" என்றாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏனென்றால் பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை அவள் திரும்பிப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டியவள்தான்.

2

அதைச் சொல்ல என் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இங்கே வருவதற்கு முன் புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் நான்கு வருஷம் வேலை பார்த்தவன் நான். குலுக்கலைத் தாங்க வண்டிக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் இரும்பு வில்பட்டைகள்தான் என் படிப்பு. இங்கே வந்து ரேஸ்கோர்ஸ் ரோடு பக்கம் ஒரு சீன முதலாளியின் பட்டறையில் சேர்ந்தேன், தௌக்கே என்பார்கள் இங்கே. அங்கே ஒரு வெள்ளைக்காரர் தன் காரைக் கொண்டுவருவார். கூரையில்லாத, இரண்டே ஆசனமுள்ள, யுத்தத்துக்கு முந்தைய பச்சை நிறக் கார். பந்தயத்துக்கென்றே வைத்திருந்தார். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வண்டி சாயக்கூடாது என்று பின்பக்க வில் இரண்டிலும் ஒவ்வொரு பட்டை கூடுதலாகப் போட்டு, நான்கு வில்லையும் கயிற்றால் வரிந்து வரிந்து சுற்றி, மாட்டு வண்டிக்கு இருக்கிற மெத்துக்கூட இல்லாமல் இறுக்கியிருந்தார். ஒருநாள் ஒரு மதகில் கொண்டுபோய் மோதினார். அப்புறம் அவருடைய கம்பெனி அவரை ஊருக்குக் கூப்பிட்டுக்கொண்டது. வண்டி எங்கள் பட்டறை மூலையில் கிடந்தது.

ஒரு வருஷம் பார்த்துவிட்டு, இடத்தை அடைக்கிறது என்று தௌக்கே என்னிடம் கையை வீசி, "அம்பெல் லா" என்றார். எடுத்துக்கொண்டு போ என்று அர்த்தம். எட்டு மாசம் ஞாயிற்றுக்கிழமைகளில் நசுங்கிய மூக்கை நிமிர்த்தி ஓட வைத்தேன். தலைகால் புரியவில்லை எனக்கு. ஊரில் இருந்த தெய்வானைக்குக் கடிதத்துக்குக் கடிதம் பீற்றிக்கொண்டேன். நீ கப்பலைவிட்டு இறங்கியதும் நம் சொந்தக் காரில்தான் வீட்டுக்குப் போகிறாய் என்று எழுதினேன்.

வந்தாள் பாவம். நாகப்பட்டினத்தில் கப்பல் கிளம்பிய அன்றைக்கே குமட்ட ஆரம்பித்து ஏழு நாளும் வாந்தி. பிறகு நோய் நொடி இருக்கிறதா என்று பார்க்க, கடலுக்கு நடுவே ஒரு தீவில் கொண்டுபோய் மருந்து நெடிக்குள் சில நாள் அடைத்துவைத்தார்கள். எல்லாம் முடிந்து துறைமுகத்தில் கால் வைத்தபோது கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் தெரிந்தது. அவள் அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியை மட்டும் இடுப்பிலேயே வைத்திருந்தாள்.

அவளைக் காரில் ஏற்றினேன். அன்றைக்கு நான் செய்த பாவம் அது. சாலையில் சின்ன ஒட்டுப் போட்டிருந்தால்கூட ஆசனத்தைவிட்டு எழும்பி எழும்பி விழுந்தாள். நான் கியர் மாற்றுகிற அழகை அவள் கவனிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு ஓட்டினேன். புக்கிட் தீமா கால்வாய்ப் பாலத்தில் ஏறி இறங்கியபோது ஜாடி மடியிலிருந்து துள்ளிக் காலடியில் விழுந்து உடைந்தது. ஏழு நாள் கடலையும் தீவையும் தாண்டி வந்த ஜாடி, என் காரில் பத்து நிமிஷம் தாங்கவில்லை. அப்போதுதான் அழுதாள்.

"பொண்டாட்டியக் கூட்டிட்டு வர்ற மாதிரியா இருக்கு? மூட்டைய ஏத்திட்டு வர்ற மாதிரி இருக்கு" என்றாள்.

மறுநாள் காலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கப்பல் எப்போது நாகப்பட்டினம் திரும்புகிறது என்று கேட்டுவரச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பேசியிருப்பேன். உப்பு வாங்கிவரச் சொல்கிற குரலில் சொன்னாள். கப்பலுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு அவளுக்கும் டிக்கெட் எடுத்தேன்.

3

கல்யாணமாகி நாற்பது நாள்தான் நாங்கள் சேர்ந்து இருந்திருக்கிறோம். அதற்குள் நான் கப்பலேறிவிட்டேன். இரு என்று அவளிடம் எப்படிக் கேட்பது, என்ன சொல்லித் தேற்றுவது, எதுவும் எனக்குத் தெரியவில்லை. வில்பட்டை தெரியும். ஆகவே எல்லாப் பழியையும் தூக்கிக் காரின் மேல் போட்டேன். வண்டியை மெத்தென்று ஆக்கிவிட்டால், அதில் அவளை வைத்து ஊரைச் சுற்றிக்காட்டினால், டேங்க் ரோடு முருகனைப் பார்த்தால், இருந்துவிடுவாள் என்று கணக்குப்போட்டேன். புத்தி அவ்வளவுதான்.

எங்கள் மாடி அறைக்குக் கீழே காதர் பாயின் மளிகைக் கடை. நாகூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கடைக்குப் பக்கத்தில் எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே வண்டியை நிறுத்திக்கொள்ள இடம் கொடுத்தார். தினமும் பட்டறை விட்டதும் வந்து, வெளிச்சம் இருக்கிறவரை வண்டிக்கடியில் படுத்துக்கிடந்தேன்.

முதலில் அந்தக் கயிறு. எண்ணெய் குடித்துக் குடித்து மரமாகிப் போயிருந்தது. நான்கு வில்லிலும் அதை அறுத்து எடுக்கவே மூன்று நாள் ஆயிற்று. அடுத்துப் பட்டை. புதுக்கோட்டை ஷெட்டில் எங்களுக்குப் பட்டையைக் கூட்டித்தான் பழக்கம். கூரைமேல் வாழைத்தார், உள்ளே நூறு பேர், சாலையோ சாலையாக இருக்காது. பட்டையைக் குறைப்பது என்பதைக் கேட்டால் எங்கள் போர்மன் அடிக்கவே வந்திருப்பார். பின்பக்க வில்களிலிருந்து அந்த இரண்டு கூடுதல் பட்டைகளையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தப்புச் செய்கிறோமோ என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மிச்சப் பட்டைகளை உப்புத்தாளால் தேய்த்து இடையில் கிரீஸ் தடவி அடுக்கினேன். கடைசியாக ஷாக். வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஒரு தடவையோடு அதன் குதிப்பை அடக்குகிறது அதுதான். அந்தக் காலத்து வண்டிக்கு மரத்தட்டுகளை நட்டுப் போட்டு இறுக்குகிற ஷாக். அதையும் முழுக்கத் தளர்த்திவிட்டேன். தளர்ந்தால் மெத்து என்று நினைத்தேன்.

சோதித்துப் பார்க்க அவள் கனம் தெரிய வேண்டும். மேலே போய், நீ என்ன எடை இருப்பாய் என்று கேட்டேன்.

"எதுக்கு? விக்கப் போறீங்களா?" என்றாள்.

வந்து ஒன்பது நாளில் அதுதான் அவள் என்னிடம் நீளமாகப் பேசியது. அதற்கே சந்தோஷமாகக் கீழே இறங்கிவந்து, காதர் பாயிடம் ஒரு வெங்காய மூட்டை இரவல் கேட்டேன். மூட்டையைப் பக்கத்து ஆசனத்தில் சாய்த்து உட்கார வைத்து, சிராங்கூன் ரோட்டில் மேலும் கீழுமாக ஓட்டினேன். பூக்கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். திரும்பி வந்ததும் காதர் பாய் மூட்டையைத் தட்டிக்கொடுத்து, "தம்பி, ஊர்லேர்ந்து வந்தவங்க இவங்கதானா?" என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்தாலும் மனசு குளிர்ந்திருந்தது. எந்தப் பள்ளத்திலும் மூட்டை துள்ளவில்லை.

4

பதினைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். போயும் போயும் எங்கே கூட்டிப்போனேன் தெரியுமா? காத்தோங் கடற்கரைக்கு.

காலாங் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வண்டி தூளி மாதிரிப் போனது. பழைய விமான நிலையத்தைக் காட்டினேன், தலையாட்டினாள். ஒரு இடத்தில் சிரித்தமாதிரிகூட இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பியபிறகு பேச்சு நின்றுவிட்டது. ஒரு மேடு ஏறி இறங்கினால் வண்டி ஒரு தடவை அமுங்கி எழும்பும், பிறகு சும்மாவே மூன்று தடவை அமுங்கி எழும்பும். வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாயும். நான் என் கைவண்ணத்தை விளக்கிக்கொண்டே ஓட்டினேன். தென்னைகளுக்கு நடுவே கடல் தெரிந்தது, உப்புக் காற்று வந்து மூக்கில் அடித்தது. அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

வண்டியை நிறுத்துவதற்குள் குதித்து ஓடி ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்றுக்கொண்டிருந்த ஒரு மலாய்க்கார அம்மா ஓடிவந்து தலையைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் தண்ணீர் தெளித்து, என்னைத் திரும்பிப் பார்த்து, "பெலான், பெலான்" என்று அதட்டினாள். மெதுவாகப் போ என்கிறாள். மெதுவாகத்தானம்மா வந்தேன் என்று சொல்ல எனக்கு மலாய் வரவில்லை.

தெய்வானை வாயைத் துடைத்துக்கொண்டு, "மறுபடியும் என்னைக் கப்பல்லயே ஏத்திட்டீங்களே" என்றாள்.

செருப்பால் அடித்தது போல் இருந்தது எனக்கு. கப்பலில் ஏழு நாள் செத்துப்பிழைத்து வந்தவளுக்கு, ராப்பகலாக உழைத்து ஒரு கப்பலைச் செய்து வைத்திருக்கிறேன். வெங்காய மூட்டைக்குக் குமட்டுமா? அது எனக்குத் தோன்றவே இல்லை. திரும்பிப் போகும்போது காரில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினோம். அந்த டொக்கு பஸ்ஸில் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

5

மறுநாள் வண்டியை எடுத்துவரும்போது நன்றாக யோசித்தேன். பட்டையைக் கழற்றியது தப்பில்லை, கிரீஸும் தப்பில்லை. இடுப்பை இடித்தது கயிறும் பட்டையும். குமட்டியது ஆட்டம். மெத்து வேறு, ஆட்டம் வேறு என்கிற சின்ன விஷயம் இத்தனை வருஷம் வில்லோடு கிடந்தவனுக்குத் தெரியாமல் போனதை நினைத்து வெட்கமாக இருந்தது. ஷாக் நட்டைக் கொஞ்சம் திருகுவேன், ஒரு சுற்றுப் போய்வருவேன், மறுபடி கொஞ்சம் திருகுவேன். இம்முறை மூட்டையை நம்பவில்லை. பக்கத்து ஆசனத்தில் நானே உட்கார்ந்துகொண்டு காதர் பாயை ஓட்டச் சொன்னேன். அவர் லாரி தவிர வேறு எதுவும் ஓட்டியதில்லை. என் உயிர் பிழைத்தது நாகூராண்டவர் புண்ணியம்.

பதினெட்டாம் நாள் அவள் டிரங்குப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். அந்தக் குடும்பத்தோடு லாரியில் போகிறேன் என்றாள். கடைசியாக ஒரு தடவை என் வண்டியில் வா, துறைமுகம் வரைக்கும்தான் என்றேன். என்ன நினைத்தாளோ, ஏறி உட்கார்ந்தாள்.

அதே சாலை. அதே கால்வாய்ப் பாலம். பாலம் கிட்டே வந்ததும் இரண்டு கையாலும் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஒரு தடவை அமுங்கியது, எழுந்தது, நின்றுவிட்டது. அவள் காலடியைக் குனிந்து பார்த்தாள். ஊறுகாய்க் கறை இன்னும் அங்கே இருந்தது.

துறைமுக வாசலில் கப்பல் புகைவிட்டுக்கொண்டு நின்றது. பெட்டியை இறக்கிக் கீழே வைத்தேன். அவள் இறங்கவில்லை. கப்பலையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "திருப்புங்க வண்டிய" என்றாள். எனக்கு விளங்கவில்லை. "அந்தக் கப்பல்ல இன்னொரு ஏழு நாள் என்னால ஆகாது" என்றாள்.

அவ்வளவுதான். கப்பல் எனக்குப் பெண்டாட்டியைக் காப்பாற்றிக் கொடுத்தது என்றுதான் இந்தப் பத்து வருஷமும் நம்பியிருந்தேன். துறைமுகப் பக்கமிருந்து சங்கு ஊதுகிற சத்தம் கேட்டால் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன்.

6

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும் நான் ஏன் பயந்தேன் என்று. விமானம் வந்துவிட்டது. காலையில் ஏறினால் சாயங்காலம் மதராஸ். குமட்டல் கிடையாது. அவளை இங்கே பிடித்துவைக்க என்னிடம் இருந்த ஒரே கடல் வற்றிப்போய்விட்டது.

அவள் தம்பி கல்யாணத்துக்குத்தான் போகிறாள். ஆனால் மாமனார் கடிதத்தின் கடைசியில், பிள்ளையை இங்கேயே விடு, நம் பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும், நீயும் கொஞ்சகாலம் கூட இரு என்று எழுதியிருந்தார். அது தெய்வானைக்கு நன்றாகவே உறைத்தது. வசந்தாவுக்கு ஒன்பது வயது. ஆங்கிலப் பள்ளிக்கூடம். அம்மா தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். தாத்தாவுக்கு நாலு வரி தமிழில் எழுதச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். புதுக்கோட்டையை "உங்க ஊர்" என்று சொல்கிறாள். ஒருநாள், "எனக்குப் போகவேணாம்லா, அங்க எனக்கு யாரையும் தெரியாது" என்றாள். தெய்வானை அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையை இதே அறையில் அவள் சொல்லியிருக்கிறாள். நான் அதை ஞாபகப்படுத்தவில்லை.

விமான நிலையத்துக்கு மூன்று பேரும் அந்தப் பச்சைக் காரிலேயே போனோம். வசந்தா ஆசனத்துக்குப் பின்னால், சாமான் வைக்கிற இடத்தில், பெட்டிமேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மேட்டிலும் பின்பக்கம் டங்கென்று அடியில் இடித்தது. பாயா லேபார் விமான நிலையம் கண்ணில் தெரிந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன். அன்றைக்குக் கப்பலுக்குப் பயந்து நின்றுவிட்டாய், இன்றைக்கு அந்தப் பயமும் இல்லை, திரும்பி வருவாயா என்று கேட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒரு அசடோடு பத்து வருஷம் குடித்தனம் செய்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்ட மாதிரிப் பார்த்தாள்.

"கப்பலுக்கா? அப்படியா நினைச்சுக்கிட்டிருக்கீங்க? அந்தப் பதினெட்டு நாளும் ஜன்னல்லேர்ந்து பார்த்தா உங்க மூஞ்சியே தெரியாது. வண்டிக்கடியிலேர்ந்து ரெண்டு காலு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டிருக்கும். மழை பேஞ்சாலும் அங்கயேதான் கிடக்கும். அந்த ரெண்டு கால விட்டுட்டு எப்படிப் போறதாம்?"

பின்னாலிருந்து வசந்தா சிரித்தாள். எனக்குச் சாலை மங்கலாகத் தெரிந்தது. வண்டியை ஓரம்கட்டி நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்படியானால் அந்தக் கட்டத்தை ஏன் காலியாக விட்டாய் என்று கேட்டேன். தம்பி கல்யாணம் முடிந்து, அப்பாவிடம் பிள்ளையை விடமாட்டேன் என்று சொல்லி, அவரைச் சமாதானப்படுத்த எத்தனை நாள் ஆகுமோ எனக்கு எப்படித் தெரியும் என்றாள். மறுபடி கிளம்பினோம். அடுத்த மேட்டில் பின்பக்கம் டங்கென்றது.

"வசந்தா வளர்ந்துட்டா, பின்னால இடிக்குது பாருங்க" என்றாள். "அன்னிக்குக் கழட்டுனீங்களே ரெண்டு பட்டை, இருக்கா, தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இருக்கு" என்றேன்.

"நாங்க வர்றதுக்குள்ள போட்டு வைங்க."

கட்டிலுக்கடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தேன். துருவே ஏறவில்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து வண்டிக்கடியில் படுத்து இரண்டையும் பழைய இடத்தில் பூட்டினேன். நடுவில் ஒரு தடவை தலையை வெளியே நீட்டி ஜன்னலைப் பார்த்தேன், பழக்கதோஷம். பிறகு காதர் பாயிடம் போய் வெங்காய மூட்டை இரண்டு இரவல் கேட்டேன். பாய்க்கு இப்போது தாடி நரைத்துவிட்டது, குசும்பு நரைக்கவில்லை.

"எதுக்குத் தம்பி ரெண்டு? ஒண்ணுதானே உங்க வழக்கம்?"

"வசந்தாவும் வர்றா பாய்" என்றேன்.

பெரிய மூட்டையை முன்னாலும் சின்ன மூட்டையைப் பின்னாலும் வைத்துக்கொண்டு கால்வாய்ப் பாலம் வரை ஒரு சுற்றுப் போய்வந்தேன். எங்கேயும் இடிக்கவில்லை.